‘யாரிடமும் சொல்லாதே’ என்பவன் அதிகாரி அல்லன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டச் செய்திகளுக்கெனத் தாங்கள் ஒதுக்கும் பக்கத்தில் இணையவழிப் பண மோசடி பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. இழந்தவரின் வயது, ஊர், இழந்த தொகை, காவல்துறை வழக்குப் பதிந்து விசாரிக்கிறது என்ற ஒரு வரி ஆகியவற்றோடு பெரும்பாலும் அவை முடிந்துவிடுகின்றன. திருடன் என்ன சொல்லி நம்பவைத்தான், எந்தக் கட்டத்தில் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியும், பணம் போய் எவ்வளவு நேரம் கழித்துப் புகார் கொடுத்தார் என்பவை விடுபட்டுவிடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றக்கூடிய செய்திகள் இவைதாம். நெடுங்காலம் வங்கிப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

நம் மாவட்டம் படிப்பில் பின்தங்கியதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது. ஆகவே, ‘படித்தவரே இப்படி ஏமாறலாமா’ என்ற வியப்பால் எதுவும் விளங்கப்போவதில்லை. சேமிப்பு உள்ளவர், ஆனால் அவசரத்துக்குக் கலந்து பேச அருகில் ஆள் இல்லாதவர் யார் என்றுதான் திருடர்கள் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகள் நம்மிடம் ஏராளம். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தக்கலை என எந்தப் பக்கம் போனாலும், பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலையில் இருக்க, வயதான தாய் தந்தையர் மட்டுமே குடியிருக்கும் பெரிய வீடுகளைப் பார்க்கிறோம். பிள்ளைகள் அனுப்பிய பணம் அவர்கள் பெயரில் வைப்புநிதியாக வங்கியில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருப்பதால் மகன் ஒரு நாள் ஒரு செயலியில் அழைப்பான், மறுநாள் நண்பனின் எண்ணிலிருந்து அழைப்பான். எனவே, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து காணொளி அழைப்பு வந்தாலும் மகனாக இருக்குமோ என்று உடனே எடுத்துவிடும் பழக்கம் இவ்வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. தெரியாத அழைப்பை எடுக்கவே வேண்டாம் என்னும் பொது அறிவுரை இப்பெற்றோருக்குப் பொருந்தாது. எடுத்தபின் எப்போது துண்டிக்க வேண்டும் என்பதைத்தான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் நடக்கும் கொள்ளையை எடுத்துக்கொள்வோம். உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டது என்றோ, உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு தொடங்கிய கணக்கில் சட்டவிரோதப் பணம் புழங்கியது என்றோ முதல் அழைப்பு வரும். அடுத்து, மும்பைக் காவல்துறை என்றும் சிபிஐ என்றும் இணைப்பு கைமாறும். காணொளியில் சீருடை அணிந்தவர் தோன்றுவார்; அவருக்குப் பின்னால் அரசுச் சின்னம் இருக்கும்; நீதிமன்ற முத்திரை குத்திய போலி ஆணை வாட்ஸ்அப்பில் வந்து சேரும். கேமராவை அணைக்கக்கூடாது, அறையை விட்டு வெளியே போகக்கூடாது, இது ரகசிய விசாரணை என்பதால் பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களுடைய பாஸ்போர்ட்டும் முடக்கப்படும் என்று மிரட்டி, மணிக்கணக்கில், சிலரை நாள்கணக்கில்கூட, அப்படியே உட்கார வைத்துவிடுகிறார்கள். கடைசியில், உங்களிடம் இருப்பது நேர்மையான பணந்தானா என்று சரிபார்க்க வேண்டும், எல்லாவற்றையும் ரிசர்வ் வங்கியின் கணக்குக்கு மாற்றுங்கள், பிறகு திருப்பித் தரப்படும் என்பார்கள். ரிசர்வ் வங்கி பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை வாங்குவதுமில்லை, பணத்தைச் சரிபார்க்கக் கணக்கு எதையும் நடத்துவதுமில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு முதியவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். காணொளி வழியாகக் கைதுசெய்வது என்ற ஒன்று இந்தியச் சட்டம் எதிலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, ஒருவரைக் கைதுசெய்யும் அதிகாரி அச்செய்தியையும், அவர் வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவித்தாக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. சொந்தக்காரரிடம் சொல்லியே தீர வேண்டும் என்று சட்டம் அதிகாரியைக் கட்டாயப்படுத்தும்போது, சொல்லவே கூடாது என்று ஒருவன் தடுக்கிறான் என்றால், அந்த ஒரு சொல்லே அவன் அதிகாரி அல்லன் என்பதற்குப் போதுமான சான்று. அவன் காட்டும் அடையாள அட்டையை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, அக்கணமே துண்டித்துவிடலாம். இந்தக் கொள்ளையைப் பற்றிப் பிரதமர் 2024 அக்டோபரில் தம் மாதாந்திர வானொலி உரையில் எச்சரித்தார். உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகள் காட்டி அரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த மூத்த தம்பதியிடம் பணம் பறிக்கப்பட்டதை அடுத்து, 2025 அக்டோபரில் அந்நீதிமன்றமே தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது.

இவ்வகை மோசடிகள் பலவற்றில் பணம் உண்மையிலேயே கைமாறும் இடம் வங்கிக் கிளை என்பதால், இன்று பணியில் இருக்கும் தம்பி தங்கையருக்கும் ஒரு வேண்டுகோள். முதியவர் ஒருவர் தனியே வந்து, முதிர்வுக்கு முன்பே வைப்புநிதியை முடித்து, முன்பின் தொடர்பில்லாத வெளிமாநிலக் கணக்குக்கு முழுத்தொகையையும் ஆர்டிஜிஎஸ் என்னும் உடனடிப் பணமாற்று முறை மூலம் அனுப்பச் சொல்கிறார் என்றால், படிவத்தை வாங்கி முத்திரையிட்டு அடுத்தவரை அழைப்பது சேவையாகாது. நிலம் வாங்குகிறேன், மருத்துவச் செலவு என்று என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைத் திருடன் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பான். சட்டைப் பையில் இருக்கும் கைபேசியில் அழைப்பும் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். கைபேசியை வெளியே வைத்துவிட்டு வரச்சொல்லி, மேலாளர் அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ‘உங்கள் மகனிடமோ மகளிடமோ ஒரு வார்த்தை பேசிவிட்டு அனுப்பலாமா’ என்று கேட்டால் போதும். என் பணத்தை எடுக்க நீ யார் கேட்பதற்கு என்று சினந்துகொள்வோரும் உண்டு. அந்தச் சினத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு வங்கி ஊழியர்களையும், அந்தக் கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாடிக்கையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற மோசடிகள் வேறு வேறு வேடத்தில் வந்தாலும் அவசரப்படுத்துவதும் தனிமைப்படுத்துவதும் மாறுவதில்லை. இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற குறுஞ்செய்தி, ஓய்வூதியருக்கு உயிர்வாழ்ச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்ற அழைப்பு, திருமண அழைப்பிதழ் என்றோ போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஆகியவை இன்று பரவலாக உள்ளன. அக்கோப்பைத் திறந்து நிறுவிவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி முதலிய குறுஞ்செய்திகள் திருடன் கைக்குப் போய்விடும். ஜிபே, போன்பே போன்றவற்றில் பணம் பெறுவதற்கு ‘பின்’ (PIN) எனப்படும் ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதை அழுத்தினால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். வங்கியின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி எடுப்பதைவிட, பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை அழைப்பதே பாதுகாப்பு. வங்கிகளின் இணையதள முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் வகையில் 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. முகவரியைச் சரிபார்க்கும்போது இதையும் கவனிக்கலாம். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மகனின் குரலையே போலியாக உருவாக்கி, விபத்தில் சிக்கிவிட்டேன், உடனே பணம் அனுப்புங்கள் என்று கதறவைக்க முடிகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொல்லைப் பெற்றோருடன் பேசி முடிவு செய்துவிட்டுச் செல்வது நல்லது.

இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கையும் சிம் அட்டையையும் சில மாதங்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம் என்ற பேச்சுக்கு மயங்கும் கல்லூரி மாணவர், ஏதோ ஓர் ஊரில் ஒரு முதியவர் இழந்த பணம் தம் கணக்கு வழியாகத்தான் போனது என்பதைக் காவல்துறை கதவைத் தட்டும்போதுதான் அறிகிறார். கணக்குக்கு உரியவர் என்ற முறையில் வழக்கும் அவர் மீதே வருகிறது. இன்னொன்று இதைவிடக் கொடியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சுற்றுலா அனுமதியில் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலுள்ள மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, அடி உதைக்கு அஞ்சி, நம்மையே ஏமாற்றும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. ஆனால், ஆள் அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. திருடர்கள் கொள்ளையடித்த தொகையைச் சிறிது நேரத்திலேயே பல கணக்குகளுக்குப் பிரித்து மாற்றி ரொக்கமாக எடுத்துவிடுவார்கள். 1930-இல் புகார் பதிவானால், பணம் சென்ற கணக்குகளை வைத்திருக்கும் வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சமிருக்கும் தொகையை முடக்க வழி பிறக்கிறது. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும், நாகர்கோவிலிலுள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். அத்துடன் வங்கிக்கும் தெரிவித்து, தெரிவித்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாரால் பணம் திருடப்பட்டு, மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவிக்கப்பட்டால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ரகசிய எண்ணைத் தாமே திருடனிடம் சொல்லிவிட்டவருக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு அவருடையதுதான். ஆனால், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே, தவறு நம்முடையது என்று தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

ஆயினும் தாமதிக்கிறார்கள். காரணம் வெட்கம். மகன் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசைத் தொலைத்துவிட்டேன் என்று எந்தத் தாயால் எளிதில் சொல்ல முடியும்? ஊரார் காதுக்குப் போனால், பேராசைப்பட்டாள், பட்டுக்கொண்டாள் என்பார்கள். இந்தப் பேச்சுக்கு அஞ்சி நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே மறுகி, ஒருவழியாக வெளியே சொல்லும்போது பணம் கைக்கு எட்டாத தூரம் போய்விடுகிறது. அழைப்பைத் துண்டித்த பிறகும் ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற திருடனின் கட்டளையை நாமே அந்த வீட்டில் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எனவே தங்களிடம் சில வேண்டுகோள்கள். மோசடிச் செய்தி வெளியிடும்போது இழந்தவரின் பெயரையும் படத்தையும் தவிர்த்து, ஏமாற்றிய முறையையும் புகார் கொடுக்க ஆன நேரத்தையும் விளக்கமாக எழுதுங்கள். பேராசையால் இழந்தார் என்னும் சொற்றொடரைத் தலைப்பில் பயன்படுத்தாதீர்கள். புகார் உடனே போனதால் பணம் மீண்ட நிகழ்வுகளைக் காவல்துறையிடம் கேட்டு வாங்கி, இழப்புச் செய்திகளுக்குத் தரும் அதே அளவில் அச்சிடுங்கள். முதல் பக்கத்தில் நாள்தோறும் 1930 என்ற எண்ணை, கண்ணாடி இல்லாமலும் படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். வாசிக்க இயலாத முதியோருக்கு இதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நம் ஊர்களின் கிறிஸ்தவ ஆலயங்களும் ஜமாத்துகளும் கோயில் நிர்வாகங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் ஏற்க முன்வந்தால், அவர்களோடு சேர்ந்து ஊர் ஊராக வந்து பேச ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களாகிய எங்களில் சிலர் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.