நெளிகோட்டுக்காரர்

அம்பாசமுத்திரம்
ஆனி மாசம், சாரல் விட்ட சாயங்காலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி வந்து ஒரு மாசம் ஆகுது. முழங்கால் வலின்னு சாக்குச் சொல்ல மாட்டேன், சோம்பல்தான். பேத்திக்கு மொட்டை எடுக்கச் சொரிமுத்தையன் கோயிலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொள்ளாதே. அது கழிந்து வா. மும்பை வெயிலில் காய்ந்த உடம்புக்கு இந்தச் சாரலே போதும்.

எழுத வைத்தது வேறு விஷயம். நம்ம கப்பல்கார அண்ணாச்சி கடையைக் காலி செய்கிறார்கள். பேரன் சென்னையில் இருக்கிறான். இரும்புக்கடை அவனுக்கு எதற்கு? போன வாரம் பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கினோம். துருப்பிடித்த கீல், தாழ்ப்பாள், படிக்கல், அதற்குக் கீழே தகரப் பெட்டியில் அந்தக் கடற்படைக் கோட்டு. ஞாபகம் இருக்கா? கையில் இரண்டு தங்கக் கோடு நெளிநெளியாகப் போகும். தையல்காரனுக்கு நேராகத் தைக்கத் தெரியவில்லை என்று நீ சொல்லப்போய் அவர் சிரித்த சிரிப்பு! "நேர்கோடு கடல்ல இறங்கியே தொழில் படிச்சவனுக்குலே. நெளிகோடு நம்மள மாதிரி தராசை வச்சிட்டு வந்தவனுக்கு." கோடு இப்போது கறுத்துப் போய்விட்டது. நெளிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊரில் அவருக்கு நினைவுப் பலகை வைக்கப் போகிறார்களாம். நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அவர்களே ஒன்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்: 'ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்த மாவீரர்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது 'பெங்கால்' கப்பலின் கதை. 1942 நவம்பர் 11-ஆம் தேதி, இந்துமாக்கடல் நடுவே, ஒரே ஒரு சின்னப் பீரங்கியை வைத்துக்கொண்டு, கடலில் கண்ணிவெடி வாரும் அந்தக் கப்பல், கூட வந்த டச்சு எண்ணெய்க் கப்பல் 'ஒண்டினா'வோடு சேர்ந்து, இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. பத்தாயிரம் டன்னுக்கு மேலான 'ஹோகோகு மாரு' மூழ்கியது. பெங்காலுக்குத் தலைவராக இருந்த வில்சனும் அண்ணாச்சி மாதிரி ரிசர்வ், அதாவது போருக்காகக் கூப்பிட்ட துணைப்படை ஆள்தான். ஆனால் நம்ம அண்ணாச்சி அதில் இல்லை. அந்த நவம்பரில் அவர் பயிற்சியே முடிக்கவில்லை.

அவர் செய்தது வேறு வேலை. பம்பாய்த் துறைமுக வாசலில் போவது, வருவது, போவது, வருவது. கப்பலுக்குப் பின்னால் நீளமான கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீருக்கடியில் கண்ணிவெடியை நங்கூரத்தோடு பிடித்து நிறுத்தும் கம்பியை அந்த வடத்தில் இருக்கும் வெட்டுக்கத்தி அறுக்கும். வெடி மேலே மிதந்து வந்ததும் துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள். "எங்க அப்பா வயல்ல உழுதாரு, நான் கடல்ல உழுதேன். வெளைச்சல் ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் நல்ல உழவு" என்பார். இதைப் பலகையில் எழுதினால் யார் நின்று படிப்பார்கள்?

அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது 25 ரூபாய் கொடுத்து ஒரு பங்கு வாங்கியவர். 1908-இல் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள், பிறகு கம்பெனியும் போயிற்று, 25 ரூபாயும் போயிற்று. அந்த வீட்டுப் பிள்ளை வெள்ளைக்காரன் கப்பலில் ஏறினால் வீட்டில் என்ன நடந்திருக்கும்! நாலு வருஷம் கடுதாசிப் போக்குவரத்தே இல்லையாம்.

1946 பிப்ரவரியில் 'தல்வார்' கடற்படைப் பள்ளியில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது இவர் பம்பாயில்தான் இருந்தார். சோறு சரியில்லை, அதிகாரிகள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள் என்று 18-ஆம் தேதி ஆரம்பித்தது கராச்சி வரைக்கும் பரவியது. இவர் அதிகாரி. அந்த வாரம் எந்தப் பக்கம் நின்றார்? நானும் எத்தனையோ தடவை வாயைக் கிளறிப் பார்த்தேன், பிடிகொடுக்கவில்லை. ஆனால் கடைப் பையன்களுக்கு மத்தியானச் சோறு வந்தால் முதல் கவளம் அவர்தான் எடுத்து வாயில் போடுவார். முதலாளி ருசி பார்க்கிறார் என்று நாம் கேலி பண்ணியிருக்கிறோம். ஒருநாள் கேட்டேன். "சோத்துல கல்லு கெடந்தா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

நல்ல வியாபாரி என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் பைப்பு வந்தபோது 'அது ஒரு சரக்கா?' என்று சேர்க்கவில்லை. நைலான் கயிறும் அப்படியே. எதிர்த்த கடைக்காரர் அதிலேயே மாடி கட்டினார். கடன் கேட்டு வந்தவர்களிடம் பேசிய பேச்சுக்குப் பாதி ஊர் அவர் மேல் கடுப்பில்தான் இருந்தது. 1990-இல் விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் 'கட்டபொம்மன்' நிலையத்தைக் கடற்படை திறந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். உள்ளே விடுவார்களா? ரோட்டில் நின்று கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கடலை விட்டுட்டுக் கரைக்கு வந்தவன் நான் மட்டுந்தான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மோர் குடித்தார்.

இப்போது பேரன் என்னிடம் தள்ளிவிட்டுப் போனது சிட்டைகள். சிவப்புத் துணி அட்டை, பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. மேலே பிள்ளையார் சுழி. அதற்கு அடுத்து வரவு செலவு இல்லை மாப்ளே, காற்று! 'காற்று மேற்கு. மேகம் பாதி. சாரல்.' அதற்குக் கீழேதான் 'ஆணி 2 ராத்தல், மண்வெட்டி 1'. கப்பலில் நாள்குறிப்பு எழுதிய கை, ஐம்பது வருஷம் ஒரு நாள் விடவில்லை. தாமிரபரணி புரண்ட 1992 நவம்பர் 13-ஐத் தேடி எடுத்தேன்: 'காற்று வடகிழக்கு. மழை நிற்கவில்லை. ஆறு கரை தாண்டிவிட்டது. கயிறு 3 சுருள், விலை இல்லை.' ஆற்றோரத் தெரு ஆட்களைப் பிடித்து ஏற்றப் போன கயிறு அது. கடன் கொடுக்காத மனுஷன்!

பலகைக்கு அந்த ஒரு பக்கத்தை அப்படியே எழுதச் சொல்லப் போகிறேன். ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்கணும். நமக்கு ஒரு முடிச்சுச் சொல்லிக்கொடுத்தாரே, கன்றுக்குட்டி கழுத்தில் போட்டால் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது என்று. 'பாம்பு புத்துல இருந்து வெளிய வருது, வேம்பைச் சுத்துது...' அதற்கப்புறம் திரும்பப் புற்றுக்குள் எந்தப் பக்கமாகப் போகும்? நேற்று ராத்திரி இரண்டு முழம் கயிற்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவிழ்ந்துவிடுகிறது. படம் வரைந்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி