பவளத்துக்காகச் சத்தத்தைக் குறைத்தவர்களுக்கு

எங்கள் குதிரைக்குட்டி பவளம் நேற்று சாயங்காலம் தலையைத் தாழ்த்தி, தரையில் கிடந்த புல்லைத் தானாகவே தின்றது. விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாக ஃபோன் போட்டுச் சொல்லத்தான் ஆசை. ஆனால் விசாரித்தவர்களில் பாதிப் பேரின் நம்பர்கூட என்னிடம் இல்லை, நாலு வார்த்தை பேசுவதற்குள் குரலும் அடைத்துக்கொள்கிறது. அதனால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

என்ன வந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்று கால்நடை டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே செய்தி ஊரைத் தாண்டி, அந்தியூர்ச் சந்தையில் என்னோடு குதிரை பார்த்துத் திரிந்தவர்கள் வரை போய்விட்டது. திரும்பவும் அதைக் கிளறப் போவதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறேன் என்று விளங்காது. இந்த நோய் கண்ட குதிரைக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இருட்டும் அமைதியும். ஒரு சொம்பு கீழே விழுந்தால் போதும், உடம்பு மொத்தமும் விறைத்து இழுக்கும். இழுத்துக் கீழே விழுந்துவிட்டால், விழுந்தவற்றில் பெரும்பாலானவை எழுவதில்லை. முனியப்பன் கோயில் மண்குதிரை போல நாலு காலையும் பரப்பி விறைத்து நின்றது பவளம். அந்த நிலையிலாவது அது நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை.

காதில் பஞ்சு வையுங்கள், கொட்டகையை இருட்டாக்குங்கள், ஆள் நடமாட்டம் கூடாது, சத்தம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கு ராத்திரிதான் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நடுகிறார்கள்.

கம்பம் நட்டால் ஊர் என்ன ஆகும் என்பதை கொங்குப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். கம்பத்தைப் பிடுங்கும் வரைக்கும் தினமும் ராத்திரி மோளம், கம்பத்தைச் சுற்றி ஆட்டம், விடிவதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. அந்தக் குழாய்களில் ஒன்றை வருஷா வருஷம் எங்கள் கொட்டகைக்கு எதிரே இருக்கிற தென்னை மரத்தில்தான் கட்டுவார்கள். நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது? வருஷம் பூராவும் ஊரே காத்திருந்து ஆத்தாளுக்கு எடுக்கிற நோம்பி. ஒரு குதிரைக்குட்டிக்காக அதை அடக்கிக் கொண்டாடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

மத்தியானம் மைக் செட் தம்பி வந்தார். எங்கள் ஊர்க்காரர்கூட இல்லை, பக்கத்து ஊர். வருஷத்துக்கு ஒருமுறை மரத்தில் ஏறி வயர் இழுக்கிறபோது பார்த்துத் தலையாட்டியதோடு சரி, பேர் கேட்டதில்லை. மரத்தில் ஏறினார். கட்டத்தான் ஏறுகிறார் என்று நினைத்து நான் கொட்டகைக் கதவைச் சாத்தப் போனேன். அவரோ முந்தின நாளே கட்டி வைத்திருந்த குழாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கியவர், "உள்ள வரலாமுங்களா அண்ணா?" என்றார். செருப்பை வெளியே விட்டார். ஃபோனை அணைத்துத் திண்ணையில் வைத்தார்.

அப்புறம் அவர் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கொட்டகைக்குள் பவளத்துக்குப் பக்கத்தில் நின்று சும்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை நேரமும் குட்டியையே காவல் காத்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை. அவருக்குக் கேட்டது. தகரக் கூரையில் ஒரு தகடு காற்றுக்கு ஆடித் தட்டுகிறது என்றார். தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடும்போது சுவர் அதிர்கிறது என்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்து வைத்தார். "குழாய்ச் சத்தம் காதோட போயிரும் அண்ணா. ஸ்பீக்கர் பாக்ஸ் சத்தந்தான் மண்ணுல ஏறி வரும். இதுக்கு நாலு குளம்பும் மண்ணுலதான இருக்குது?" என்றார். இதைத் தொழில் தெரிந்த ஒருவர் சொல்லாவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. காதில் வைத்த பஞ்சை மட்டுமே நம்பிக்கொண்டிருந்திருப்பேன். மார்வாரிக் குதிரையின் காதைப் பார்த்திருப்பீர்கள், நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். நோயில் அந்தக் காது விறைத்துப் போய்ப் பஞ்சு வைப்பதே பெரும்பாடு, ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் நழுவும். அவருடைய பையில் சந்தன நிறத்தில் மெத்தென்ற ஸ்பாஞ்சு இருந்தது, மைக்குக்கு மாட்டுவதாம். அதில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அது நழுவவில்லை.

ராத்திரி மோளம் தொடங்கும் நேரத்துக்குத் திரும்ப வந்தார். கூட்டாளியைக் கோயிலில் ஆம்பிளிஃபயர்கிட்டே உட்கார வைத்துவிட்டு, இவர் கொட்டகைக்குள் வந்து பவளத்தின் கண்ணைப் பார்த்தபடி நின்றார். ரணஜன்னி கண்ட குதிரை மிரளும்போது கண்ணின் உள்மூலையிலிருந்து வெளுத்த ஒரு சவ்வு சட்டென்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வரும். டாக்டரம்மா எனக்குக் காட்டிய அடையாளம் அது. மத்தியானம் ஒரே ஒருமுறை நான் சொன்னதைத் தம்பி மனதில் வாங்கியிருந்தார். அங்கே மைக்கில் பூசாரி பேச ஆரம்பித்தார். இங்கே சவ்வு துடித்தது. தம்பி ஃபோனை வயிற்றோடு அணைத்து மறைத்துக்கொண்டு 'குறை' என்று மெசேஜ் தட்டினார். இன்னும் துடித்தது. 'குறை.' அப்புறம் துடிக்கவில்லை. அந்த இடத்தில் ஆம்பிளிஃபயர் திருகில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டவும், அதற்கு மேல் யாரையும் திருக விடாமல் பார்த்துக்கொள்ளவும் கூட்டாளியிடம் சொல்லிவிட்டார். நோம்பி முடிகிற வரைக்கும் அந்த டேப்பை யாரும் தாண்டவில்லை. ஊர்த் தலைக்கட்டுகளில் ஒருவர் மைக்கில் பேசியபோதுகூட. அவர் பேசினால் சாதாரணமாக அடுத்த ஊருக்குக் கேட்கும்.

பாக்ஸ்களை மறுநாள் காலையிலேயே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கான வாடகையைக் கமிட்டியிடம் வாங்கவில்லை என்பது எனக்கு நோம்பி முடிந்த பிறகுதான் தெரிந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "சத்தம் வெக்கத் தெரியும்னா அது எங்கெங்க போவும்னும் தெரியணுமுங்களே அண்ணா" என்று சொல்லிவிட்டு, வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் கோயில் கமிட்டியில் பேசியதும் எனக்குத் தெரியாமல் நடந்ததுதான். அதற்கப்புறம் ஊரே இறங்கியது. மோளக்காரர்கள் வழக்கமாக எங்கள் முக்கில்தான் வைக்கோலைக் கொளுத்தித் தப்பட்டையைக் காய்ச்சித் தட்டிப் பார்ப்பார்கள். இந்த வருஷம் ஏரிக்கரைக்குப் போய்க் காய்ச்சிக்கொண்டார்கள். எங்கள் வீதியில் வீடு வீடாக அடித்து வாங்குகிற காசு அவர்களுக்கு நோம்பி வரும்படியில் ஒரு பங்கு. அதை விட்டுவிட்டு, தப்பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீதியை நடந்தே கடந்தார்கள். அந்தக் காசை நாங்கள் வீதிக்காரர்கள் சேர்த்துக் கொடுத்துவிட்டோம், அது வேறு விஷயம். அவர்கள் முடிவெடுத்தபோது அப்படி ஒரு பேச்சே இல்லை. மாவிளக்கு எடுத்து வந்த பெண்கள் எங்கள் முக்குத் திரும்பியதும் குலவையை நிறுத்தி, தாண்டிப் போய்த்தான் மறுபடி எடுத்தார்கள். ஒரு பாட்டிக்கு மட்டும் அடக்க முடியாமல் பாதி வந்துவிட்டது. கூட வந்த பேத்தி அவர் வாயைப் பொத்தினாள். வாணவேடிக்கையை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். பையன்கள் பைக்கை வீதி முனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதுவும் அந்த வயசுப் பையன்கள்!

இன்னும் எத்தனையோ பேர். ராத்திரி எந்நேரம் ஃபோன் அடித்தாலும் எடுத்த டாக்டரம்மா, 1962 என்ற நம்பருக்குக் கூப்பிட்டதும் வந்த கால்நடை ஆம்புலன்ஸ்காரர்கள், எதிர்நச்சு மருந்தைத் தெர்மாக்கோல் டப்பாவில் ஐஸ் போட்டு மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்த அந்தியூர் நண்பர், குளம்பில் இருந்த புண்ணைப் பதம் பார்த்துத் திறந்துவிட்ட லாடக்கார அய்யா, தாடை இறுகியிருந்த நாளெல்லாம் உறிஞ்சிக் குடிக்கிற பதத்தில் தவிட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, கழுத்தைக் குனிய முடியாத குட்டிக்கு நெஞ்சு உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த மேஸ்திரி, முறை வைத்து எங்களோடு கண் விழித்த பசங்கள். எல்லோருக்கும் கும்பிடு. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள், நேரில் வந்து திட்டுங்கள். குட்டியின் மயிர்ச்சுழி சரியில்லை, அப்பவே சொன்னேன் என்று ஃபோன் போட்டவர்களுக்கும் நன்றி. ஆனால் மண்ணிலும் லத்தியிலும் சாதாரணமாக இருக்கிற கிருமி ஆழமான புண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அது சுழியைப் பார்த்து வேலை செய்வதில்லை.

கண் விழித்த ராத்திரிகளில் ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த ஐஸ் டப்பாவில் வந்த மருந்து எங்கிருந்து கிடைக்கிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். குதிரையிடமிருந்துதான் என்றார். ரணஜன்னியின் நஞ்சைப் பக்குவப்படுத்தி ஆரோக்கியமான குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றுவார்களாம். அதன் ரத்தத்தில் எதிர்ப்பு சேர்ந்ததும் ரத்தத்தை எடுத்துத் தெளியவைத்துப் பிரிப்பதுதான் இந்த மருந்து. பெரிங், கிட்டசாட்டோ என்ற இருவர் 1890இல் பெர்லினில் இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். பாம்புக்கடிக்கு நமக்குப் போடுகிற மருந்தும் இதே மாதிரி குதிரை கொடுப்பதுதான். நரம்பில் ஏற்கெனவே போய் ஒட்டிக்கொண்ட நஞ்சை இந்த மருந்தால் கழற்ற முடியாது. ரத்தத்தில் இன்னும் திரிகிற நஞ்சைத்தான் முறிக்கும். ஒட்டிக்கொண்டது தானாக விடுகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டியதுதான், அதற்கு வாரக்கணக்காகும். அந்த வாரங்களைத்தான் ஊர் எங்களுக்குக் கொடுத்தது. மருந்தைக் கொடுத்தது எந்த ஊர் லாயத்தில் நிற்கிற எந்தக் குதிரையோ. குதிரை வளர்க்கிற பரம்பரையில் பிறந்துவிட்டு, இன்றுவரை அந்தக் குதிரைகளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. இந்த மடலில் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு சங்கல்பமும் எடுத்திருக்கிறேன். இந்த நோய் ஒருமுறை வந்து பிழைத்துவிட்டால் மறுபடி வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. பிழைத்த குதிரைக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. முதலில் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. பெரிய செலவு ஒன்றும் கிடையாது. வருகிற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வாங்கவோ விற்கவோ நான் போகப்போவதில்லை. குதிரை வாங்கி வண்டியில் ஏற்றுகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு நிற்கப்போகிறேன். சுழி பார்க்கிற நேரத்தில் நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள் என்றும் சொல்வேன். கிறுக்கன் என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்த வருஷ நோம்பிக்கு மைக் செட் செலவு முழுக்க என்னுடையது. கமிட்டியில் பேசி எழுதிக்கொடுத்துவிட்டேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன், இருக்கிற பாக்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவரட்டும், தென்னை மரத்தில் இரண்டு குழாயாகக் கட்டட்டும். மோளக்காரர்கள் எங்கள் முக்கிலேயே வைக்கோல் கொளுத்த வேண்டும், வைக்கோல் நான் தருகிறேன். அந்தப் பாட்டி எங்கள் வாசலில் நின்று முழுக் குலவை போட வேண்டும்.

பார்க்க வரலாமா என்று கேட்கிறீர்கள். இந்த வாரத்துக்கு அப்புறம் வாருங்கள், ஒரு நேரத்துக்கு இரண்டு பேராக. குட்டி இன்னும் முழுசாகத் தேறவில்லை, பின்னங்கால் கொஞ்சம் விறைப்பாகத்தான் வைக்கிறது. கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம், முக்கியமாகக் கொள்ளு. ஆளாளுக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் கொட்டகையில் மூட்டை மூட்டையாக நிற்கிறது, டாக்டரம்மாவோ இப்போதைக்குக் கொள்ளைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்கிறார். கொஞ்சம் பச்சைக் குதிரைமசால் கிடைத்தால் மட்டும் கொண்டுவாருங்கள், அதை மென்று தின்னப் பழகிக்கொண்டிருக்கிறது.