பச்சைத் தட்டு

அன்பு மகளுக்கு,

நீ வீட்டில் விட்டுச் சென்ற டிஸ்க் கால்ஃப் தட்டுகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு, நேற்றுக் காலை நானும் அம்மாவும் ஊருக்கு வெளியே, வயல்களை ஒட்டியுள்ள அந்த மைதானத்தில் 18 கூடைகளுக்கும் தட்டு வீசி ஆடி முடித்தோம். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெகுதூரம் வீசுவதற்கான உன்னுடைய பச்சைத் தட்டை, அந்த டிரைவரை, நான் தொலைத்துவிட்டேன்.

அது நடந்தது 7-ஆவது கூடையில். மரங்களைக் கடந்ததும் வெட்டவெளி தொடங்குகிறது. வலப்பக்கம் முழுவதும் வேலி வரை இடுப்பளவுப் புல். வலக்கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவந்து பேக்ஹேண்டாக வீசிய தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் என்பதை நம்பி, புல்லின் ஓரத்தை நோக்கியே வீசினேன். ஆனால் காற்று எதிரே பலமாக அடித்துக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் தட்டு கூடுதல் வேகத்தில் பறப்பதைப் போலவே நடந்துகொண்டு வலப்பக்கம் கவிழும் என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். அப்படியே கவிழ்ந்தது, திரும்பி வரவேயில்லை.

தேடுவதற்கு விதி தருவது 3 நிமிடம். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் முடிந்ததைச் சொல்லி, வீச்சுகளைக் குறிக்கும் அட்டையில் ஒரு வீச்சைத் தண்டமாகச் சேர்த்து எழுத, நான் பழைய இடத்துக்கே திரும்பி நடந்து, நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்ச் தட்டால் மறுபடி வீசினேன். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் அந்த ஒரு வீச்சை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீ விட்டிருக்க மாட்டாய் என்பதால் நானும் விடவில்லை.

மற்ற கூடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 11-ஆவதில் மட்டும், ஏறத்தாழ 8 மீட்டரிலிருந்து நான் வீசிய பட்டர், கிட்டத்திலிருந்து வீசுவதற்கான அந்தத் தட்டு, கூடையின் சங்கிலிகளில் மோதி, ஒரு கணம் அவற்றுக்கிடையே தொங்கி நின்று, பிறகு கூடைக்குள் விழுந்தது. 10 மீட்டருக்குள் வீசினால் உடல் நிலைகொள்ளும் முன் முன்னே கால் வைக்கக் கூடாது என்பதால், அந்த ஓசை அடங்கும் வரை ஒற்றைக் காலில் அசையாமல் நின்றிருந்தேன். கலிபோர்னியாவில் 1975-இல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக்தான் இந்தச் சங்கிலிக் கூடையையும் உருவாக்கினார் என்று நீ சொல்லியிருக்கிறாய். வெறும் கம்பங்களைக் குறியாக வைத்து ஆடிய நாட்களில், தட்டு உண்மையில் பட்டதா இல்லையா என்று எவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்கும்! 2002-இல் அவர் மறைந்த பிறகு, அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள் என்பதையும் அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு தட்டின் மேல் ஒருவருக்கு இவ்வளவு பற்று இருக்க முடியும் என்றால், உன் தட்டை அந்தப் புல்லில் விட்டுவிட்டு வீடு திரும்ப எனக்கு எப்படி மனம் வரும்?

ஆகவே ஆட்டம் முடிந்ததும் 7-ஆவது கூடைக்கே திரும்பிப் போனோம். அம்மா ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாக, கோலால் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். இனி அங்கே ஆடப் போகும்போது பச்சைத் தட்டு மட்டும் வேண்டாம், கண்ணம்மா. இளஞ்சிவப்போ ஆரஞ்சோ எடுத்துக்கொள். எங்கள் கையில் அகப்பட்டதும் ஓர் ஆரஞ்சுத் தட்டுதான். விளிம்பு முழுவதும் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்தபோது, அடிப்பக்கத்தில் மங்கிய மையில் ஒரு தொலைபேசி எண் தெரிந்தது. அழைத்தேன். தட்டு தொலைந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகவும் அதற்குரியவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

உன் பச்சைத் தட்டின் அடியிலும் நீ உன் எண்ணை எழுதி வைத்திருக்கிறாய் அல்லவா? புல் வெட்டும்போது யார் கையிலாவது அது கிடைக்கும். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா