எண்ணூரில் மனநல முகாம் நடத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். எங்கள் சமுதாயக் கூடத்தில் நீங்கள் நடத்திய முகாமைப் பற்றித்தான் எழுதுகிறேன். விவரம் உங்களுக்கே தெரியும். போட்டோவோடு ரிப்போர்ட்டும் மேலே போயிருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த பெண் நான். குப்பத்துக் குடும்பம், தபால் வழியில் உளவியல் முதுகலை படிக்கிறேன். அதனால் அன்றைக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்குப் புரிந்தது. அதுதான் வினை.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு மாலை, ஒரே ஆலோசகர், வருடம் முழுக்க வர வேண்டும்.

இனி அந்த அக்கா விஷயம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார். விடியுமுன் ஆற்றில் இறங்கி, பறியை வாயில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிறவர். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு இருபதை ஒட்டி வந்தது; எண் ஏற ஏற சோர்வு கடுமை என்று அர்த்தம். "மனசுல என்னம்மா ஓடுது?" என்று உங்கள் ஆலோசகர் கேட்டார். "நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல. ஆத்துல இன்னா கீது, சாம்பலும் எண்ணெயும்தான். எம்புள்ளயும் இப்டியேதான் சீரழியப் போறான்" என்றார் அக்கா. "இதுக்கெல்லாம் என்னம்மா ஆதாரம்?" என்றார் ஆலோசகர். அக்கா பேசவில்லை, கையை நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெளுத்த கை. ஆலோசகர் குனிந்து 'எதிர்மறை எண்ணங்கள்: மூன்று' என்று எழுதினார். சூரியகாந்திப் படம் போட்ட நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார். 'எண்ணம் மாறினால் எல்லாம் மாறும்.' அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் சொன்னது என் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் தன்னையும், சுற்றியுள்ள உலகத்தையும், வருங்காலத்தையும் இருட்டாகவே பார்க்கிறார் என்பது அது. அக்கா மூன்றையும் வரிசை பிசகாமல் சொன்னார். பரீட்சையாக இருந்தால் முழு மார்க். ஆனால் 'நல்லதையே நினை' என்று சொல்லி அனுப்புவது பெக்கின் வைத்தியம் இல்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு நினைப்பாக எடுத்து, எது நிஜம், எது சோர்ந்த மனம் கூட்டிச் சொல்வது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் முறை.

பிரித்துத்தான் பாருங்களேன். ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் என்பது நினைப்பே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றைத் தூர்த்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்தி மரம் என்று எல்லாவற்றிலும் அப்பியதும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன சமாச்சாரம். பிள்ளை சீரழிவானா என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. 'நான் லாயக்கில்ல' என்பது மட்டும் பச்சைப் பொய்: தனி ஆளாக வீட்டை நடத்தி, பிள்ளையைப் பிளஸ் டூ வரை கொண்டுவந்திருக்கிறார். உங்கள் படிப்புக்கு வேலை இருப்பது அந்தப் பொய்யில்தான். ஆற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால் ஆறு கெட்டதும் அக்காவின் மண்டைக் கோளாறு என்றாகிவிடுகிறது.

உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் 1967-இல் நாய்களை வைத்துச் செய்த சோதனை உங்களுக்குத் தெரியாததல்ல. என்ன செய்தும் கரண்ட் ஷாக்கை நிறுத்த முடியாத நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தாண்டித் தப்ப வழி இருந்தும் படுத்தே கிடந்தன. அவற்றை எப்படி எழுப்பினார்கள்? கயிறு கட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்தார்கள். தான் நகர்ந்தால் ஷாக் நிற்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகே தானாகத் தாண்டின. நாய்க்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

'பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போங்க' என்றும் சொன்னீர்கள். அக்கா பிடித்த இறாலைக் காலையிலேயே விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். ஓ.பி.யும் அதே காலையில். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ் எப்போது நகரும் என்று டிரைவருக்கே தெரியாது. போய்ச் சேர்ந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் வரும்படி போச்சு. மாத்திரைக்கு மாதம் ஒரு முறை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். பேச்சு சிகிச்சை அப்படியா? பெக்கின் குழு 1977-இல் அதை இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது 12 வாரத்தில் 20 அமர்வு வரை கொடுத்தார்கள். நீங்கள் கொடுத்தது ஒரு டீ ஆறுகிற நேரம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்யலாம்தான்; ஒற்றை அறை வீட்டில் மாமியாரையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்து கட்டின துணியோடு ஓடினோமே, அப்போது எந்த எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும் என்று அடுத்த நோட்டீஸில் போடுங்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி வீடிருப்பவர்கள் மலைவாசஸ்தலம் என்று நினைத்துக்கொள்ளலாமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரின் அழுக்கையெல்லாம் வடசென்னையில் கொட்டிவிட்டு, மனதையாவது சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கே பாடம் எடுப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

மன்னிக்கவும். இதெல்லாம் உங்கள் துறை இல்லை, தெரியும். உங்கள் துறையில் இருப்பதையே மறுபடி கேட்கிறேன்: வாரம் ஒரு மாலை, ஒரே ஆலோசகர். ஆள் இல்லை என்பீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, மனநலத்தில் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்துப் பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வே குறைந்தது. 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அந்தப் பயிற்சியைக் கொடுங்கள், எங்கள் குப்பத்துப் பெண்களே வருவார்கள். ஆனால் மாதத்துக்கொரு முகம் மட்டும் வேண்டாம். மனதில் இருப்பதை ஒவ்வொரு தடவையும் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது?

சுகாதார நிலையத்தில் ஊசி போடும் அறைக்குப் பக்கத்து அறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. ஃபேன் ஓடுகிறது. உள்தாழ்ப்பாள்தான் இல்லை, அதை நாங்களே போட்டுக்கொள்கிறோம். ஐந்து மணிக்கு மேல் எந்தக் கிழமை தோதுப்படும் என்று தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். மிச்சமிருக்கும் நோட்டீஸ் கட்டு சமுதாயக் கூடத்து அலமாரியில் இருக்கிறது. வரும்போது எடுத்துப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பிக் கொடுத்தவள்,
எண்ணூர்