இருநூறு கிராம்

முஸிம்பா மாவட்டம், வடக்கு மலாவி
29 ஜூலை 2024

அன்புள்ள தோழி,

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். உன் கடிதம் கைக்கு வந்து பதினைந்து நாள் ஆகிறது. இங்கே மின்சாரம் அடிக்கடி நின்றுபோகிறது என்று காரணம் சொல்லலாம். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் நேர்மையான பதில் இல்லை என்பதுதான் உண்மை. உங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து பத்துப் பேரை அடுத்த கோடை விடுமுறையில் இரண்டு வாரம் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பலாமா என்று சபைக் கமிட்டி உன்னிடம் யோசனை கேட்டிருப்பதாகவும், ஏழு வாரமாக இங்கே இருக்கும் நான் பார்த்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். இன்று எழுத முடியும் என்று தோன்றுகிறது.

முதலில் என் செய்தி. சுகமாக இருக்கிறேன். கோடை ஊழியம் என்று பெயர் இருந்தாலும் ஜூனும் ஜூலையும் இங்கே குளிர்காலம். இது மேட்டுநிலம் ஆகையால் விடியற்காலையில் கம்பளி உடை இல்லாமல் வெளியே நிற்க முடியாது. நான் கொண்டுவந்த மெல்லிய பருத்தி உடைகளைப் பார்த்த விடுதிக் காப்பாளர் அம்மா, ஒன்றும் பேசாமல் தம்முடைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். இதை எழுதும்போதும் அதைத்தான் அணிந்திருக்கிறேன்.

ஜூன் 8-ஆம் தேதி தலைநகர் லிலோங்வேயில் இறங்கி, மறுநாள் பஸ் ஏறி வடக்கே முஸூஸு நகர் வழியாக இந்த மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். பெட்டியைத் திறந்து அடுக்குவதற்குள், 10-ஆம் தேதி, இந்நாட்டின் துணை அதிபர் சௌலோஸ் சிலிமாவும் வேறு எட்டுப் பேரும் சென்ற விமானம் காணாமல்போனது. வானிலை மோசமாக இருந்ததால் முஸூஸுவில் இறங்க முடியாமல் திரும்பிய அந்த விமானம் சிக்கங்காவா காட்டில் நொறுங்கிக் கிடந்ததை மறுநாள் கண்டார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. நாடு முழுவதும் 21 நாள் துக்கம் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனையின் சிற்றாலயத்தில் மாலைதோறும் ஜெபம் நடந்தது. இங்கே பேசும் டும்புகா மொழியில் எனக்கு நாலு வார்த்தைகூடத் தெரியாத நேரம் அது. நான் என்ன செய்யட்டும் என்று தலைமைச் செவிலியரிடம் கேட்டேன். "வந்து எங்களோடு உட்கார்" என்றார்கள். துக்கத்தில் இருப்பவர்களோடு வந்து உட்காருவதுதான் இங்கே முதல் கடமை. என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று யாரும் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே என் ஊழியத்தின் முதல் வாரம், பின்வரிசைப் பெண்களோடு பாயில் உட்கார்ந்து, புரியாத ஜெபங்களுக்கு ஆமென் சொல்வதிலேயே கழிந்தது. பன்னிரண்டு தேவசெய்திகளைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அவற்றில் இன்றுவரை ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவ முகாம் செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவமனையிலும் மற்ற நாட்களில் கிராமங்களிலும் நடக்கும். கூரை உத்தரத்திலோ மரக்கிளையிலோ வட்டமுகம் கொண்ட ஒரு தராசைத் தொங்கவிடுவார்கள். அது 25 கிலோ வரை காட்டும். அதில் கோடு ஒவ்வொன்றும் 100 கிராம். அதன் கொக்கியில் கால்சட்டை போலத் தைத்த ஒரு துணியை மாட்டி, குழந்தையின் கால்களை அதற்குள் நுழைத்து, மெதுவாகக் கையை எடுக்க வேண்டும். குழந்தை அந்தரத்தில் ஆடும், அழும், உதைக்கும். முள் துடித்துக்கொண்டே இருக்கும். அது அடங்கும் ஒரு நொடியில் எண்ணைப் படித்து, தாய் கையில் வைத்திருக்கும் ஹெல்த் பாஸ்போர்ட் என்ற சிறு புத்தகத்தின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். நோயாளியின் வரலாறு இங்கே மருத்துவமனை அலமாரியில் இருப்பதில்லை. அந்தச் சின்னப் புத்தகத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, தாயின் இடுப்புத் துணியில் செருகப்பட்டு, அவளோடுதான் இருக்கிறது. அதில் நான் வைக்கும் புள்ளியை அடுத்த மாதம் இன்னொருவர் பார்த்து முடிவெடுப்பார்.

இந்த ஆண்டு அந்தப் புள்ளிக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதையும் சொல்ல வேண்டும். வறட்சியால் மக்காச்சோளம் பொய்த்ததால் கடந்த மார்ச்சில் இந்நாட்டின் 28 மாவட்டங்களில் 23-இல் பேரிடர் நிலையை அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2023 நவம்பரில், குவாச்சா நாணயத்தின் மதிப்பை 44 விழுக்காடு குறைத்திருந்தார்கள். அதனால் வெளியிலிருந்து வரும் உரத்துக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் விலை ஏறிவிட்டது. இங்கே பசிக்காலம் என்பது வழக்கமாக டிசம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை முடிந்து, ஜூலையில் களஞ்சியம் நிறைந்திருக்க வேண்டும். குழந்தைகள் கொழுகொழுவென்று இருக்க வேண்டிய மாதத்திலேயே எடை குறைந்தால் ஜனவரியில் என்ன ஆகும் என்ற கவலை செவிலியர்களின் முகத்தில் தெரிகிறது.

இனி எழுதப்போவதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை. ஜூலை தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு குழந்தை தராசுத் துணியை நனைத்துவிட்டது. வரிசை நீளமாக இருந்தது. நான் அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு துணியை எடுத்து மாட்டினேன்; அது தடித்த கித்தானில் தைத்தது. துணியை மாற்றும்போதெல்லாம் வெறுந்துணியோடு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் திருப்பவில்லை. மதியம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமைச் செவிலியர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த மாதம் அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் எடை கூடியிருக்கிறதே, எப்படி?" என்று கேட்டார்கள். குரலை உயர்த்தவில்லை. இருவரும் போய் வெறுந்துணியைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். முள் 200 கிராமில் நின்றது.

எல்லா எண்ணிலும் 200 கிராமைக் கழித்துவிட்டால் போதாதா என்று நீ நினைப்பாய். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் எந்தக் குழந்தைக்கு அப்புறம் துணியை மாற்றினேன் என்பது எனக்கு நினைவில்லை. அன்று வந்தவர்களில் யார் எடை சரி, யார் எடை தவறு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆறு கிலோ எடையுள்ள குழந்தை ஒரு மாதத்தில் 200 கிராம் இழந்திருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. என் புத்தகத்திலோ அது குறையாதது போல இருக்கும். ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசைப் பொட்டலங்களை வாரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவதும் எடையை வைத்துத்தான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று ஞாயிறு பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? அது வியாபாரிகளுக்குச் சொன்னது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பகுதியின் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளரோடு என்னை அனுப்பினார்கள். மலாவியின் கிராம சுகாதாரம் இவர்கள் தோளில்தான் நிற்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது திட்டம், ஆனால் பல இடங்களில் ஒருவரே அதைவிட அதிகம் பேரைப் பார்க்கிறார். அவருடைய சைக்கிளின் பின்னால் தராசைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு முற்றத்திலும் முதலில் உட்கார வேண்டும். "முலி உலி?" என்று நலம் விசாரித்து, "திலி மகோலா, குவாலி இம்வே?" என்ற பதிலைக் கேட்டு, நாங்கள் நலம் என்று நாங்களும் சொன்ன பிறகுதான் வந்த காரியம். முதல் நாள் எனக்கு இது பொறுக்கவில்லை. தவறைத் திருத்தும் அவசரத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் நானே விசாரிக்க ஆரம்பித்தேன், அவர்கள் சிரித்து என் உச்சரிப்பைத் திருத்தினார்கள்.

நேற்று எழுதிய எடை தவறாக இருக்கலாம், தவறு என்னுடையது என்று உதவியாளர் மொழிபெயர்க்க, நான் ஒவ்வொரு தாயிடமும் சொன்னேன். ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வீட்டில் தாய் வயலுக்குப் போயிருந்தாள்; பாட்டிதான் பேரனைத் தூக்கிவந்தார்கள். மாமரக் கிளையில் தராசைக் கட்டினோம். நான் வெறுந்துணியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியபோது பாட்டியும் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தார்கள். முந்தைய நாள் புத்தகத்தில் 7.1 கிலோ என்று என் கையெழுத்தில் இருந்தது, இப்போது 6.9. ஜூனில் அவன் 7.2 இருந்திருக்கிறான். உதவியாளர் உடனே தம் பையிலிருந்து ஊட்டக்குறைவை அளக்கும் மூன்று நிற நாடாவை எடுத்து அவனுடைய மேல்கையின் நடுவில் சுற்றினார். பச்சையில் நிற்காமல் மஞ்சளுக்குள் வந்துவிட்டது, அதாவது 12.5 சென்டிமீட்டருக்கும் கீழே. அன்றே அவன் பெயரைத் துணை உணவுத் திட்டத்தில் சேர்த்தார்கள். நாங்கள் மறுபடியும் போகாதிருந்தால் அடுத்த முகாம் வரை ஒரு மாதம் போயிருக்கும்.

இங்கே மிஷன் வேலை தொடங்கிய கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1875-இல் மலாவி ஏரிக்கரையில் வந்து இறங்கியதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்விக்கூடத்திலிருந்து நான்கு ஆப்பிரிக்க இளைஞர்கள் தாமாக முன்வந்து அவர்களுடன் சேர்ந்தார்கள் என்பது எனக்குப் புதிது. அவர்களில் ஷாட்ராக் உங்குனானா 1877-இல் இறந்துபோனார். ஐசக் வாஷோப் காய்ச்சலில் விழுந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். வில்லியம் கோயி என்ற ஹோசா இனத்தவர் மட்டும் பத்தாண்டு நிலைத்து, இந்த முஸிம்பா மேட்டுநிலத்தில் இங்கோனி மக்களிடையே வாழ்ந்து, 1886-இல் இங்கேயே மறைந்தார். இங்கோனிகள் பேசியது அவருடைய தாய்மொழிக்கு உறவான மொழி. ஆகவே அரசர் ம்பெல்வாவிடம் அவரால் நேரடியாகப் பேச முடிந்தது. பள்ளிக்கு அனுமதி கிடைக்காத அந்த நாட்களில் இரவில் இரகசியமாக எழுத்துக் கற்ற இளைஞர்களில் ஒருவரான மவெலெரா டெம்போ பின்னாளில் பாடல்கள் இயற்றினார். அவருடைய பாடல்களை இந்த வட்டாரச் சபைகள் இன்றும் பாடுகின்றன. கோயியைப் பற்றி நம் மிஷனரி வரலாற்று வகுப்பில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முடிந்தால் உன் ஐக்கியத்தில் ஒரு மாலை அவரைப் பற்றிப் பேசு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்குப் பத்துப் பேரை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுடைய ஊழிய ஆர்வத்தை நான் சந்தேகிக்கவில்லை. முதல் வாரம் நான் செய்தது உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வாரம் கற்றுக்கொண்டது. நாலாம் வாரம் பெருந்தவறு செய்தது. ஆறாம் வாரத்திலிருந்துதான் என்னால் இவர்களுக்குக் கொஞ்சம் சுமை குறைந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் திரும்பியிருந்தால் சாட்சி சொல்ல எனக்கு நிறைய இருந்திருக்கும், இவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பத்துப் பேருக்குச் சமைத்து, இடம் ஒதுக்கி, மொழிபெயர்க்க ஆள் விடுவது யார் என்று கமிட்டியில் கேள். இங்குள்ள செவிலியர்கள்தான்.

அதற்குப் பதில் இருவரை மூன்று மாதத்துக்கு அனுப்புங்கள். போகும் இடத்துச் சபையோ மருத்துவமனையோ இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். போகிறவர்கள் அங்குள்ளவர்களின் கீழ் வேலை செய்யச் சம்மதிக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே மொழியில் நலம் விசாரிக்கவாவது கற்றிருக்க வேண்டும். குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் ஒரு வாரம் விளையாடிவிட்டு வரும் திட்டம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து அதை நிறுத்து. ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் ஒவ்வொரு கோடையிலும் ஒருவரை இழப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. புகைப்படம் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. தராசில் அழுதுகொண்டு தொங்கும் குழந்தையை நான் ஒரு தடவையும் படமெடுக்கவில்லை; அந்தத் தாய்மாரை எந்த முகத்தோடு மறுபடியும் பார்ப்பது?

ஆகஸ்ட் 10-ஆம் தேதி புறப்படுகிறேன். அந்தப் பையனுக்காக ஜெபித்துக்கொள்; போன வாரம் 7.0 வந்திருக்கிறான். தலைமைச் செவிலியருக்காகவும் ஜெபி, அவர்களுக்கு முழங்கால் வலி அதிகமாக இருக்கிறது. நாளை மறுபடியும் செவ்வாய்க்கிழமை. முஸூஸுவிலிருந்து ஒரே துணியில் தைத்து வாங்கிவந்த நாலு கால்சட்டைத் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். குளிரில் அவை காய நேரமாகும். ஈரமாக இருந்தால் எடை காட்டும் என்பதால், படுக்கப்போகும் முன் எடுத்துவந்து அடுப்படியில் விரிக்க வேண்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய தோழி