வேறு தேர்வின் விதியில் பயிற்சி: 4,800 ரூபாயைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 18 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தராகலாம் என்று அதற்கு எழுத வேண்டிய என்ஐஎஸ்எம் (பத்திரச் சந்தைகளுக்கான தேசிய நிறுவனம்) ஐந்து-ஏ தேர்வுக்குத் தயாரானேன். அதற்காகத்தான் உங்களுடைய கணக்கு, பொருளாதாரம், நிதி அடிப்படைத் திருப்புதல் வகுப்பில் 4,800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். சதவீதம் மண்டியிலேயே பழக்கம். கூட்டு வட்டி, பாண்டு (கடன் பத்திரம்), பணவீக்கம் என்று வந்தால்தான் எனக்கு உதைக்கும்.

உங்கள் விடைப் புத்தகத்தில் ஒரு கணக்கு. ஒரு லட்சம் ரூபாய் முதல் வருடம் 50 சதவீதம் ஏறி, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கினால் கையில் எவ்வளவு? சராசரி பூஜ்யம், அதனால் அதே ஒரு லட்சம் என்று போட்டிருக்கிறீர்கள். ஏறியபோது 1,50,000. அதில் பாதி போனால் மிச்சம் 75,000 தானே? எங்கள் முதலாளியிடம் காட்டினேன். "இதெந்த ஊர்க் கணக்குங்க? மஞ்சள் இப்படி ஏறி இறங்கினா நான் கடையைச் சாத்திட்டுப் போகணும்" என்றார்.

வட்டி விகிதம் ஏறினால் பழைய பாண்டின் விலையும் ஏறும் என்கிறது இன்னொரு விடை. புதுசு 8 சதவீதம் தரும்போது 7 சதவீதப் பாண்டை முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? அப்புறம், பங்கு ஃபண்டின் நீண்டகால ஆதாயத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீத வரி என்று இருக்கிறது. 2024 ஜூலை 23 முதல் அது 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம். நான் பணம் கட்டியது அதற்கும் ஒரு வருடம் கழித்து.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் மாதிரித் தேர்வுகள் எல்லாவற்றிலும் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழித்தீர்கள். அது பங்கு டெரிவேட்டிவ்ஸ் (பங்கு விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) என்ற வேறொரு தேர்வின் விதி. ஐந்து-ஏ தேர்வில் கழிப்பே கிடையாது: 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி. கழித்துவிடுவார்களோ என்று பயந்து, கோவை மையத்தில் 13 கேள்விகளைத் தொடாமல் விட்டேன். வந்தது 47. நான்கில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டியிருந்தாலும் சராசரியாக மூன்று விடை சரியாக விழுந்திருக்கும். இந்த நிகழ்தகவுப் பாடத்தையும் நீங்கள்தான் நடத்தினீர்கள். தேர்வுத் திரையில் வந்த விதிகளைப் பதட்டத்தில் நான் சரியாகப் படிக்கவில்லை. அந்த மட்டுக்கு என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று முறை போன் செய்தேன். சேர்ந்து ஏழு நாள் தாண்டினால் பணம் திரும்பாது என்று மூன்று முறையும் ஒரே பதில். விடை தப்பு என்பது ஏழு நாளைக்குள் எப்படித் தெரியும்? தெரிகிற அளவுக்குப் படித்திருந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்?

கட்டிய 4,800 ரூபாய் 15 நாளுக்குள் என் கணக்குக்கு வரவேண்டும். திருத்திய விடைகளை எனக்கு மட்டுமல்ல, இதே வகுப்பில் சேர்ந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த மாதம் எழுதப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ரசீது, தவறான பக்கங்களின் படம், மாதிரித் தேர்வு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

என் எண் உங்கள் பதிவில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் ஏலம் நடக்கும், பேச முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு