இன்ஸ்டன்ட் எக்ஸாம் - ஃபைனல் இயர் மட்டும்
மக்களே, ஒரே ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆனவங்களுக்கு இன்ஸ்டன்ட் எக்ஸாம், அதாவது அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்காம உடனே எழுதுற எக்ஸாம், வைக்கிறாங்க, சர்க்குலர் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. ரெண்டு பேப்பர்ல ஃபெயில்னா இது கிடையாது, வழக்கம்போல அரியர்தான், அதுக்கு என்கிட்ட சண்டை போடாதீங்க🙏

இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடுற மார்க், 25ல எடுத்தது அப்படியே நிக்கும், எழுதப்போறது எக்ஸ்டர்னல் 75க்கு மட்டும், அதுல 30 எடுத்தே ஆகணும். இன்டர்னல் 22 இருக்கு எக்ஸ்டர்னல்ல 28, மொத்தம் 50 வருதே ஏன் ஃபெயில்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க, இதான் காரணம்.

ரீவேல்யுவேஷன் (பேப்பரை மறுபடி திருத்தச் சொல்றது) போட்டவங்களும் அந்த ரிசல்ட்டுக்காக காத்துட்டு இருக்காம இதுக்கும் ஃபீஸ் கட்டிடுங்க, ரெண்டு மார்க் ஏறும்னு நம்பி உட்கார்ந்தா பிஜி அட்மிஷன் போயிடும். மார்க்‌ஷீட் ஜெராக்ஸ், ஹால் டிக்கெட் கையில வெச்சுக்கோங்க, ஆபீஸ்ல லஞ்சுக்கு முன்னாடி போயிடுங்க அதுக்கப்புறம் கவுன்ட்டர்ல ஆள் இருக்க மாட்டாங்க.

பேப்பர் கோட் சரியா எழுதுங்கப்பா. டவுட்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, இங்க குட் மார்னிங் போட்டு இதை மேல தள்ளிடாதீங்க